முன்வரிசைக்குத் தேறிய குடும்பங்கள்

நோரீன் டகெட்டின் வாயிலிருந்து படை திரும்புகிற தேதியைப் பிடுங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம் என்று எங்கள் ஊரில் கிண்டல் செய்வார்கள். பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள் அவள். அந்தக் கிண்டல் அவளுக்கும் பிடிக்கும்.

அமெரிக்காவின் தெற்கே, ராணுவ முகாமை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. படை வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டால் ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். அப்போது முகாமிலிருந்து வருகிற சேதியெல்லாம் குடும்பங்களுக்குத் தொலைபேசியில்தான் போகும். கம்பெனி என்கிற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பெண் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வாள். டெல்டா கம்பெனியின் நாற்பத்தியொரு குடும்பங்களுக்கு நோரீன். சம்பளம் கிடையாது. முகாம் அலுவலகம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பதை அப்படியே படிக்கவேண்டும். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது. யாருக்குப் படித்தோம், எத்தனை மணிக்குப் படித்தோம் என்று குறித்துக்கொள்ளவேண்டும். நோரீன் இதைப் பூசை மாதிரி செய்வாள். கெஞ்சினாலும் அட்டையில் இல்லாததைச் சொல்லமாட்டாள்.

அவளுடைய வாழ்க்கையில் மற்றபடி சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கோழிப்பண்ணைக்காரரின் மகள். இருபது வயதில் ஒரு சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் ஜெர்மனியில் பணிக்குப் போய், அங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மிஞ்சியது கோல்பி என்ற ஒரே மகன். பத்தொன்பது வயதில் அவளிடம் சொல்லாமல் அவனும் ராணுவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். எட்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். ஒன்பதாம் நாள் அவன் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தாள். அவன் பாலைவனப் போருக்குக் கிளம்பிய வாரமே இந்தத் தொலைபேசிப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் போகிற இடத்துக்குத் தன்னால் போகமுடியாது, சேதி வந்து சேருகிற இடத்திலாவது இருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள்.

நான் பக்கத்து வீட்டு ஹார்லன். இருபத்திரண்டு வருஷம் ராணுவச் சமையல்காரன். இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். ராணுவத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி லியாண்ட்ரா விக்ஸ் இருந்தாள். இருபத்து நாலு வயது. அவள் கணவன் டெரலும் கோல்பியும் ஒரே வண்டியில் ரோந்து போகிறவர்கள். டெரல் போன பிறகு, ஜூன் மாதம், அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவன் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். லியாண்ட்ராவுக்கு மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற வாய். ஜூலையில் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரன் சும்மா பேச்சுக் கொடுத்ததற்கு, அந்த ஊரில் என் புருஷனுக்கு என்ன வேலை என்று யாராவது எனக்கு விளங்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாள். அது அவள் படத்தோடு வந்தது. அப்புறம் தேவாலயத்தில் பாதிப் பேர் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவன் அவள் வீட்டுத் தபால்பெட்டியை உடைத்தான். நோரீன் மட்டும் வியாழக்கிழமைதோறும் வழக்கம்போலப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு, போய்த் தூங்கு என்று அவளை உள்ளே அனுப்புவாள்.

ஆகஸ்டில் ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றி, எங்கள் முகாமின் பெயரைச் சொல்லி, இந்த வீரர்களில் முதல் தொகுதி அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன் பண்டிகைக்கு முன்பே வீட்டில் இருக்கும் என்றார். நவம்பர் முதல் வாரம் தேர்தல். எங்கள் மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று எவராலும் சொல்லமுடியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் புத்தி வேலை செய்யாது. பெண்கள் கடைக்கு ஓடிப் படுக்கைவிரிப்புகளும் வண்ணமும் வாங்கி வந்தார்கள். ஆள் திரும்புகிறபோது வரவேற்பு வாசகம் எழுதிய விரிப்பை முகாம் வேலியில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். விமானம் கடைசி நிறுத்தத்தை விட்டுக் கிளம்பாமல் அதைக் கட்டக்கூடாது என்பது நோரீனின் சட்டம். ஜனாதிபதியே சொன்ன பிறகு அவள் சட்டத்தை யார் கேட்பார்கள்? லியாண்ட்ராவே முதல் ஆளாகப் போய்க் கட்டினாள்.

செப்டம்பரில் அந்தப் படிவம் வந்தது. முகாம் அலுவலகத்திலிருந்து வந்தது, ஆனால் காகிதம் வழவழவென்று வேறாக இருந்தது. குடும்பங்களின் நலனுக்காகச் சில விவரங்கள் தேவை என்று மேலே போட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை. இந்த மாநிலத்தில் எத்தனை வருஷம், தேவாலயத்துக்குப் போகிறவர்களா, தந்தை பார்க்காத குழந்தை உண்டா. கடைசிக் கட்டத்தில், தொலைக்காட்சியிடம் பேச ஏற்றவரா, ஆம் அல்லது இல்லை.

நோரீன் அதை என் சமையலறை மேசையில் வைத்துத்தான் நிரப்பினாள். ஏதோ தர்ம ஸ்தாபனம் குழந்தைகளுக்குத் துணியும் பாலும் கொடுக்கப்போகிறது, கொடுக்கிறபோது படம் பிடிப்பார்கள் போலிருக்கிறது என்றாள். நானும் தலையை ஆட்டினேன். பல் பிடுங்க வருகிறவனிடம் மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு எழுதியே பழகிய கை அவளுடையது. படிவம் என்றால் உண்மையை எழுதுவாள். கூச்சப்படுகிறவர்களுக்கு, அழுதுவிடுகிறவர்களுக்கு, குடித்துவிட்டு உளறுகிற மாமனார் இருக்கிற வீட்டுக்கு, எல்லாம் இல்லை. தனக்கு ஆம். லியாண்ட்ராவின் வரிசைக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். பாவம், ஒருதடவை பேசிவிட்டு அவள் பட்டது போதும், மறுபடி ஒரு கேமராவை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இல்லை என்பதில் குறி போட்டாள். பக்கத்தில், ஜூலை மாதப் பத்திரிகையைப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பும் எழுதினாள். விஷயம் தெரியாதவர்கள் அவளைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். நான் அவளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, விமானக் கொட்டகையில் ஒத்திகை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வந்து இறங்குகிறார்கள், ஜனாதிபதியே நேரில் வந்து வரவேற்கிறார். வீரர்கள் திரும்புவதற்கு ஒத்திகை என்று ஒன்றை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. நாற்காலிகளை நகர்த்த ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைநகரிலிருந்து ஜனாதிபதியின் ஆட்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். காதில் ஒயர் மாட்டிய ஒருவன், பளபளக்கும் காலணி, பெயர் பிரென்ட் என்றான். எந்த வெளிச்சம் எந்த முகத்தில் விழவேண்டும் என்று அளந்துகொண்டிருந்தான். அவன் கையில் ஒரு தாள் கட்டு. அதைப் பார்த்து, டகெட் குடும்பம் முன்வரிசை என்று வாசித்தான். நோரீன் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து.

அவள் நிரப்பிய அதே படிவம். அது இவன் கையில் ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒத்திகை முடிந்ததும் படையோடு போகாமல் முகாம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற கேப்டன் ஸ்டாடர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, படிக்கவேண்டிய புதிய அட்டையைக் கொடுத்தார். போர்க்களத் தேவை காரணமாகக் கீழ்க்கண்ட வீரர்களின் பணிக்காலம் நூற்றிருபது நாள் நீட்டிக்கப்படுகிறது. கீழே பதினேழு பெயர்கள். அடியில் ஒரு குறிப்பு, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு முன் யாருக்கும் படிக்கக்கூடாது. ஜனாதிபதியின் விமானம் நாலரைக்குத் திரும்பிக் கிளம்புகிறது.

பதினேழு பெயர்களையும் அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்ததை நான் பார்த்தேன். அதே வரிசை. அவள் இல்லை என்று குறித்த பதினேழு பேர். ஆம் என்று குறித்த இருபத்து நாலு பேரும் வருகிறார்கள். குடும்பம் இல்லாத பையன்களைப் பற்றி எந்தப் படிவமும் கேட்டதே இல்லை, அவர்கள் அங்கேயே கிடந்தார்கள்.

"இதை யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டாள்.

"மேலேர்ந்து வந்துச்சு, மேடம்."

"எவ்வளவு மேல?"

ஸ்டாடர் கொட்டகையின் கூரையைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. தன் காலணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "தேர்தலுக்கு முன்னாடி முந்நூறு பேர் இங்க இறங்கணும். அங்க தலை எண்ணிக்கையும் குறையக்கூடாது. அப்ப மிச்சப் பேர் கூடுதல் நாள் இருந்து அந்த வேலையையும் பாக்கணும்ல. தளபதிங்க வேணாம்னு எழுதிக்கூட அனுப்புனாங்க. நான் இதைச் சொல்லல."

தன் மகனை நிறுத்திவிட்டு டெரல் விக்ஸை ஏற்றமுடியுமா என்று நோரீன் கேட்டாள். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? அவள் கேட்டாள். முந்நூறு பேரும் நேற்றே விமானம் ஏறிவிட்டார்கள் என்றார் கேப்டன்.

வண்டியில் வரும்போது எனக்கு வாயெல்லாம் கசந்தது. சாப்பாட்டில் கல் இருந்தால் சமையல்காரனைத் திட்டுவார்கள். உயிரைப் பகிர்ந்து பரிமாறுகிறவன், கேமராவுக்கு எவன் முகம் பொருந்தும் என்று பார்த்துப் பரிமாறுகிறான். அவனை யார் திட்டுவது? அவனுக்குக் கைதட்டத்தான் நாற்காலி போட்டுவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நோரீன் தொலைபேசியை எடுத்தாள். ஞாயிறு ஐந்து மணி என்ற உத்தரவைத் தூக்கி எறிந்தாள். பதினாறு வீட்டுக்கும் அட்டையை வார்த்தை மாறாமல் படித்தாள். படித்துவிட்டு, அட்டையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: "கூட்டம் முடியுறவரைக்கும் இதை உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. அதனால இப்பவே சொல்றேன்." அத்தனை மாதத்தில் அவள் தன் சொந்த வார்த்தை பேசியது அன்றுதான். பதினேழாவது வீட்டுக்கு நடந்தே போனாள். நானும் கூடப் போனேன்.

லியாண்ட்ரா டெரலுக்குப் பிடித்த பீன்ஸை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். அட்டையைக் கேட்டு முடித்ததும் குழாயை மூடினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கோல்பி வர்றான்ல?" என்றாள்.

"வர்றான்."

"ரெண்டு பேரும் ஒரே வண்டி. ஒருத்தன் வர்றான், ஒருத்தன் வரல. எப்படிப் பிரிச்சாங்க, மிஸ் நோரீன்?"

நோரீன் என்னைப் பார்த்தாள். தெரியாது என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. வீடு திரும்பும்போது, அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடு என்றேன். டெரல் பத்திரமாக வந்து சேரட்டும், வந்த அன்றைக்கே இருவர் காலிலும் விழுந்து சொல்லிவிடுகிறேன் என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். டெரல் வரவேண்டும். மகனைவிட அவனுக்காக அதிகம் பிரார்த்தனை செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொட்டகைக்கு வரவில்லை. பத்து மாதம் கழித்து மகன் வந்து இறங்குகிறான், அவள் லியாண்ட்ராவின் வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோல்பியைக் கூட்டிவர என்னை அனுப்பினாள். அந்த ஆளோடு ஒரே படத்தில் என்னால் இருக்கமுடியாது, கோல்பிக்குச் சொன்னால் புரியும் என்றாள்.

வேலியில் லியாண்ட்ரா கட்டிய விரிப்பு அப்படியே இருந்தது. வாருங்கள் டெரல், உங்கள் மகளைப் பாருங்கள் என்று எழுதியது. பிரென்டின் ஆட்கள் அதைக் கழற்றவில்லை. அதில் குழந்தையின் பிஞ்சுக் கைத்தடம் இருந்தது, படத்துக்கு அழகாக இருந்திருக்கும். தொலைக்காட்சிக்காரன் அதைத்தான் முதலில் எடுத்தான்.

வீரர்கள் இரண்டு மணிக்கே இறங்கிவிட்டார்கள். ஜனாதிபதி வரும்வரை ஐம்பது நிமிஷம் அவர்களைக் கொட்டகையின் பெரிய கதவுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பெண்டாட்டிகள், அந்தப் பக்கம் புருஷன்கள். இடையில் ஒரு தகரம். அப்புறம் அவர் வந்தார். களத்தில் இருக்கும் தளபதிகள் சொல்வதைக் கேட்டே படைகளைப் பற்றி முடிவெடுப்பதாகவும், தேர்தலைப் பார்த்து முடிவெடுக்கிறவன் தாம் அல்ல என்றும் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக எழுந்துவிட்டது. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அப்புறம் தெரியவில்லை.

கதவு திறந்தது. குடும்பங்களெல்லாம் ஓடின. முன்வரிசையில் நோரீனின் நாற்காலி காலி. கோல்பி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடி நடுவில் நின்றான். ஜனாதிபதி அவன் பக்கமாகத்தான் நடந்து வந்துகொண்டிருந்தார், கேமராக்களும் கூடவே. பிரென்ட் ஓடிப்போய்ப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். பக்கத்து மாவட்டத்தில் கட்சிக்கு ஓட்டுக் கேட்டுத் திரிகிறவள். அவள் கோல்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜனாதிபதி இருவர் தோளிலும் கைபோட்டார். அந்தப் படம்தான் மறுநாள் நாடு முழுக்க வந்தது, திரும்பி வந்த மகனும் தாயும் என்று.

என் வண்டியில் ஏறியதும் கோல்பி கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா யாரு, ஹார்லன்? சென்ட் வாசனை தாங்கல." சிரித்தேன். அப்புறம் அவன் அம்மா எங்கே என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். படிவத்தையும் சொன்னேன். லியாண்ட்ராவின் வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு லியாண்ட்ராவிடம், "வண்டி மேல துப்பாக்கிக்கிட்ட நிக்கிறது என் வேலை. இப்ப அங்க டெரல் நிக்கிறான்" என்று மட்டும் சொன்னான். குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் வாங்கவில்லை.

திங்கட்கிழமை நோரீனிடமிருந்து தொலைபேசிப் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். சேவைக்கு நன்றி என்று இரண்டு வரிக் கடிதம். தேர்தலில் எங்கள் மாநிலம் அவர் பக்கம் சாய்ந்தது. தேர்தல் முடிந்த பத்தாம் நாள், தளபதிகள் கேட்டுக்கொண்டதால் இன்னும் இருபதாயிரம் பேரை அனுப்புவதாக அதே ஆள் அதே முகத்தோடு அறிவித்தார். வந்த முந்நூறு பேருக்கும் மார்ச்சில் மறுபடி கிளம்ப உத்தரவு. ஒருவன்கூட, அப்படியென்றால் அக்டோபரில் ஏன் கூட்டிவந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கவேண்டியவர்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்றைக்குத் தொலைக்காட்சிமேல் என் பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். வேறு என்ன செய்துவிட்டேன்?

டெரல் விக்ஸ் ஜனவரி பதினொன்றாம் தேதி இறந்தான். நீட்டிப்பில் எண்பத்து நாலாவது நாள். சாலையோரம் புதைத்த குண்டு, மேலே நின்றவன் பிழைக்கவில்லை. சேதி சொல்லச் சீருடையணிந்த இருவர் காலையில் தெருவுக்குள் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தபோது நோரீன் ஜன்னலில் நின்றிருந்தாள். தன் வீட்டு முன் நிற்கட்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டாளாம். மகன் உள்ளே படுத்திருக்கிறான், இருந்தாலும் அப்படிக் கேட்டாளாம். வண்டி இரண்டு வீடு தள்ளிப் போய் நின்றது.

அடக்கம் முடிந்த ஆறாம் நாள் நோரீனும் நானும் லியாண்ட்ராவின் வீட்டுக்குப் போனோம். சாவு வீட்டுக்கு ஊரார் சமைத்துக்கொண்டு வந்த கண்ணாடித் தட்டுகள், அடியில் பெயர் ஒட்டியவை, கழுவி அடுக்கியிருந்தன. வேறு பக்கம் திரும்பிக்கொண்டவர்களின் பெயர்கள்தான் அதில் பாதி. அவற்றை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வாங்கிப்போக வந்ததாகச் சாக்கு. லியாண்ட்ரா கடைசித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் இடுப்பில்.

நோரீன் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். படிவம், கடைசிக் கட்டம், தான் போட்ட குறி, எழுதிய குறிப்பு, எதையும் விடவில்லை. உன்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் போட்டேன் என்று ஒரே ஒருதடவை சொன்னாள், அதையும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

லியாண்ட்ரா தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கேன், மிஸ் நோரீன்? ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாம்ல. ஆம்னு போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அந்த ஆளோட கையைப் பிடிச்சுக்கிட்டு, போர் ரொம்ப நல்லதுன்னு பல்லைக் காட்டியிருப்பேன். டெரலுக்காக என்ன வேணும்னாலும் சொல்லியிருப்பேன். என்னை ஏன் கேக்கல?"